சஞ்சீவிக் குப்பி

இலட்சுமணனும் வானர வீரர்களும் போர்க்களத்தில் மூர்ச்சித்துக் கிடந்தபோது, கிழவனாகிய ஜாம்பவான் அநுமனை அழைத்து நான்கு மூலிகைகளின் பெயரைச் சொன்னான் என்பது இராமாயணக் கதை. மாண்டவரை எழுப்புவது ஒன்று. உடம்பில் தைத்த ஆயுதத்தை வெளிப்படுத்திப் புண்ணை ஆற்றுவது மற்றொன்று. தோலுக்குப் பழைய நிறத்தைத் தருவது மூன்றாவது. அறுந்ததையும் முறிந்ததையும் ஒட்டவைப்பது நான்காவது. இவற்றில் முதலாவதை இன்னும் யாரும் கடையில் வைத்து விற்கத் துணியவில்லை. மற்ற மூன்றும் விற்பனைக்கு வந்துவிட்டன என்று விளம்பரங்கள் சொல்லுகின்றன. அவற்றைத் தேடி இமயத்துக்குப் பறக்கவேண்டியதுமில்லை. கைபேசியைத் தட்டினால் போதும், தபாலில் வீடு வந்து சேரும்.

வந்து சேருவது விரல் நீளமுள்ள ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே சிறிது வெள்ளைப் பொடி. பெயர் பி.பி.ஸி.-157 என்றோ டி.பி.-500 என்றோ இருக்கும். இதில் நீர் கலந்து மெல்லிய ஊசியால் தோலுக்கடியில் ஏற்றிக்கொண்டால், கிழிந்த தசைநாண் ஒட்டிக்கொள்ளும், ஆறாத புண் ஆறும், தேய்ந்த மூட்டு தேறும் என்பது விற்பவரின் வாக்கு. அதே குப்பியின்மேல் பொடி எழுத்தில் வேறொரு வாக்கும் இருக்கிறது: 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உபயோகத்துக்கு அன்று.' விற்பவரின் வாய் ஒன்றைச் சொல்லுகிறது; அவர் ஒட்டிய சீட்டு வேறொன்றைச் சொல்லுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் அகப்பட்டுக்கொண்டிருப்பது நம் வீட்டுப் பிள்ளைகளின் சரீரம். ஆகையால் இவ்விஷயத்தைப் பற்றி நேயர்களுடன் சற்று விரிவாகவே பேச விரும்புகிறோம்.

கொல்லைப்புறமும் தபால் பெட்டியும்

தாம்பரத்துக்கு மேற்கே, வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் இருப்பது படப்பை. பழந்தமிழில் 'படப்பை' என்பதற்கு வீட்டை ஒட்டிய தோட்டம், கொல்லை என்று பொருள். வெட்டுக்காயம் பட்டால் பாட்டி கொல்லைப்புறம் சென்று பச்சிலை பறித்து வந்து அரைத்துக் கட்டிய காலத்துக்கு இந்தப் பெயர் மிகவும் பொருத்தமானது. அந்தப் பச்சிலை குணம் செய்ததோ இல்லையோ, அது இன்ன செடி என்பது பாட்டிக்குத் தெரியும். பாட்டி இன்னார் என்பது ஊருக்குத் தெரியும்.

இன்றைய படப்பை வேறு. சற்று மேற்கே ஒரகடத்தில் மோட்டார்த் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. பல ஜில்லாக்களிலிருந்து வந்த வாலிபர்கள் அங்கே பகலும் இரவும் முறைவைத்து உழைக்கிறார்கள். ஓய்ந்த வேளையில் கபடியும் கிரிக்கெட்டும் ஆடுகிறார்கள். தேகப்பயிற்சிச் சாலைக்குச் சென்று இரும்புக் குண்டு தூக்குகிறார்கள். உழைக்கிற உடம்பில் தோள் பிசகுவதும், குதிகால் நாண் இழுத்துக்கொள்வதும் சகஜம். அப்படி அடிபட்ட ஓர் இளைஞரை நினைத்துக்கொள்வோம். எலும்பு முறிந்தால் சில வாரங்களில் கூடிவிடும். தசைநாணோ ரத்த ஓட்டம் குறைந்த இடம். ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். புத்தூர்க் கட்டுப் போட்டுப் பார்க்கிறார். டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்கிப் பார்க்கிறார். 'பொறுத்திரு, மெதுவாகப் பயிற்சி செய்' என்றுதான் எல்லோரும் சொல்லுகிறார்கள். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் பிடிப்பார்களே, பொறுப்பது எப்படி? இந்த நேரத்தில் ஒருவர் வந்து, 'பத்தே ஊசி; பழையபடி ஆகிவிடுவாய்' என்றால், கேட்பவரின் மனம் சபலப்படுவதில் வியப்பில்லை. அவருடைய அவசரத்தை நாம் குற்றம் சொல்லமாட்டோம். அந்த அவசரத்தை மூலதனமாக வைத்து வியாபாரம் செய்கிறவரிடம்தான் நமக்குச் சில கேள்விகள் உண்டு.

பெப்டைடு என்பது என்ன?

முதலில் ஒன்று சொல்லிவிடவேண்டும். பெப்டைடு என்பது பொய்ச் சரக்கு அன்று. நம் உடம்பிலுள்ள புரதங்களெல்லாம் அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலைகள். மணிகளில் இருபது வகை. நீண்ட மாலையைப் புரதம் என்றும், குட்டை மாலையைப் பெப்டைடு என்றும் சொல்லுகிறோம். உடம்பின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குச் செய்தி அனுப்ப இந்தக் குட்டை மாலைகளையே பெரும்பாலும் உபயோகிக்கிறது. நீரிழிவுக்காரர்களின் உயிரைக் காக்கும் இன்சுலின் 51 மணிகள் கொண்டது. பிரசவத்துக்குப்பின் ரத்தப்போக்கை நிறுத்தத் தாய்மார்களுக்குப் போடும் ஆக்ஸிடோஸின் ஒன்பதே மணிகள் கொண்டது. 1953-ல் அமெரிக்க ரசாயன நிபுணர் வின்ஸென்ட் டு விக்னோ அதைச் சோதனைச் சாலையில் செய்துகாட்டி, 1955-ல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த விஷயத்தில் சென்னைக்குத் தனிப் பெருமை உண்டு. தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அதுவே. புண் ஆறும்போது உடம்பு புதிதாக நெய்வதும் அதையே. அதன் அமைப்பு என்ன என்று மேல்நாட்டு ஆராய்ச்சிசாலைகளெல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பகுதிக்குத் தலைவராக வந்தவர் ஜி. என். ராமச்சந்திரன். அப்போது அவருக்கு முப்பது வயது. சௌகரியங்கள் குறைந்த அந்த ஆராய்ச்சிசாலையில் கோபிநாத் கர்த்தாவுடன் உழைத்து, கொலாஜன் என்பது மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொண்ட கயிறு என்று 1954-ல் உலகத்துக்கு அறிவித்தார். அந்தச் சங்கிலிகளில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைஸின் என்னும் மிகச் சிறிய மணியாக இருந்தால்தான் கயிறு இறுகும். 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய இருவருடனும் சேர்ந்து, ஒரு பெப்டைடுச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் மடங்க முடியும், எவ்வெக் கோணங்களில் மடங்க முடியாது என்பதற்கு ஒரு படமே வரைந்து கொடுத்தார். உலகெங்கும் புரத ஆராய்ச்சி செய்பவர்கள் இன்றும் அதை ராமச்சந்திரன் படம் என்றே அழைக்கிறார்கள்.

இந்த வரலாற்றை நாம் சொல்லுவது பெருமைக்காக மட்டும் அன்று. அதில் ஒரு பாடமும் இருக்கிறது. கொலாஜன் சங்கிலியில் ஆயிரம் மணிகளுக்கு மேல் உண்டு. அவற்றில் ஒரு கிளைஸின் இருக்கவேண்டிய இடத்தில் வேறொரு மணி வந்துவிட்டால், லேசாகத் தட்டினாலும் எலும்பு முறியும் வியாதியுடன் குழந்தை பிறக்கக்கூடும். ஆயிரத்தில் ஒன்று பிசகினாலே இந்தக் கதி. ஆகவே, 'நான் பெப்டைடு விற்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

முதற் கேள்வி: குப்பிக்குள் இருப்பது எது?

பெப்டைடுகளை மணி மணியாகக் கோக்கும் முறையை 1963-ல் வெளியிட்டவர் புரூஸ் மெரிபீல்டு. அவருக்கு 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது. மிகச் சிறந்த முறைதான். ஆனாலும் ஒவ்வொரு மணியைக் கோக்கும்போதும் சில சங்கிலிகள் விட்டுப்போகும். பி.பி.ஸி.-157 என்பது பதினைந்து மணிகள் கொண்டது. ஆகவே பதினான்கு முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். கடைசியில் முழுமையாக நிற்பவை நூற்றுக்கு ஏறக்குறைய 87 தான். மற்றவை மணி குறைந்த சங்கிலிகள். அவற்றைப் பிரித்து எறிவதற்கும், எறிந்தாகிவிட்டதா என்று அளந்து பார்ப்பதற்கும்தான் மருந்துத் தொழிற்சாலையில் பணமும் காலமும் செலவாகின்றன. வெள்ளைப் பொடியைக் கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

மணி குறைந்தால் என்ன, குணம் சற்றுக் குறையும், அவ்வளவுதானே என்று சிலர் நினைக்கலாம். விஷயம் அவ்வளவு எளிதன்று. உடம்பு அந்நியப் பொருளைக் கண்டால் அதை எதிர்க்கப் படை திரட்டும். சில சமயம் அந்தப் படை, அந்தப் பொருளைப் போலிருக்கும் நம் சொந்தப் புரதத்தையும் சேர்த்துத் தாக்கிவிடும். ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபாயிட்டின் என்னும் மருந்தில் இது நடந்திருக்கிறது. 1998-ம் வருஷத்துக்குப் பிறகு, அம்மருந்தின் ஒரு வகையில் சேர்மானம் மாற்றப்பட்டபின், ஐரோப்பா முதலிய இடங்களில் சிறுநீரக நோயாளிகள் பலருக்கு ரத்தம் ஊறுவதே நின்றுபோயிற்று. மருந்துக்கு எதிராகத் திரண்ட படை, அவர்கள் உடம்பு தானாகச் சுரந்த எரித்ரோபாயிட்டினையும் அழித்துவிட்டது. அது முறையான அநுமதி பெற்ற மருந்து. அதனால்தான் நோயாளிகளைக் கணக்கெடுத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது.

மற்றோர் அபாயமும் உண்டு. கிருமியைக் கொன்றுவிட்டால் போதாது. செத்த கிருமியின் மேலுறையிலுள்ள விஷம் காய்ச்சினாலும் எளிதில் போகாது. ரத்தத்தில் கலந்தால் குளிர்காய்ச்சல் வரும்; மிகுந்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். வாயால் உண்பதை வயிறு ஓரளவு சோதித்து அனுப்புகிறது. ஊசியோ அந்த வாயிற்காப்போனைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. இதற்கு இன்சுலினின் கதையே சாட்சி. 1922-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி டொராண்டோ நகரில் லெனார்டு தாம்ஸன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதன்முதல் அது ஏற்றப்பட்டபோது, குணம் போதவில்லை. ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி கிளம்பிற்று. ஜேம்ஸ் காலிப் என்ற ரசாயன நிபுணர் இரவு பகலாக உழைத்து அதைச் சுத்தி செய்தார். 23-ந் தேதி மறுபடியும் ஏற்றினார்கள், பையன் பிழைத்தான். பன்னிரண்டு நாளில் நடந்த அந்தச் சுத்தியே ஓர் உயிரைக் காத்தது.

இரண்டாவது கேள்வி: குணம் செய்கிறது என்று யார் கண்டது?

பி.பி.ஸி.-157-ஐப் பற்றிப் பெரும்பாலான ஆராய்ச்சி குரோஷிய நாட்டின் ஸாக்ரெப் நகரத்தில் பிரெட்ராக் ஸிகிரிச் என்பவரின் குழுவினரால் 1990-க்குப் பிறகு நடத்தப்பட்டது. வெட்டிய தசைநாண் விரைவில் கூடிற்று, குடற்புண் ஆறிற்று என்று அநேகக் கட்டுரைகள் இருக்கின்றன. வாஸ்தவம். ஆனால் அவற்றில் நோயாளியாக வருவது பெரும்பாலும் எலி. மனிதர்களிடம் நடந்தவை, விரல் விட்டு எண்ணத்தக்க சிறு முயற்சிகளே. மருந்து பெற்றவரையும் பெறாதவரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பெரிய பரீட்சை நடக்கவில்லை. எலியின் நாணை நாம் கத்தியால் நேராக வெட்டுகிறோம். தொழிலாளியின் தோள்நாணோ பல வருஷ உழைப்பில் இழை இழையாக நைந்தது. அதற்கு ஆறியது இதற்கும் ஆறும் என்பது ஆசையே தவிர அத்தாட்சி ஆகாது.

'எனக்கு ஊசி போட்டு ஆறு வாரத்தில் குணமாயிற்றே' என்று ஒருவர் சத்தியம் செய்யலாம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஊசி போடாமலே ஆறு வாரத்தில் குணமானவர்களும் உண்டல்லவா? இந்த இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதை உலகத்துக்குக் கற்பித்த ஊர்களில் நம் சென்னையும் ஒன்று.

தாம்பரத்துக்கு அருகே டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-ல் தொடங்கிய க்ஷயரோக சானடோரியத்தின் பெயரால் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. அக்காலத்தில் க்ஷயரோகிக்கு நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் உள்ள சானடோரியமே கதி என்று வைத்திய உலகம் நம்பிற்று. அது கெட்டிக்கார வைத்தியர்களின் நம்பிக்கை. நூற்றுக்கணக்கான நோயாளிகளும் அதற்குச் சாட்சி சொல்லியிருப்பார்கள். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட க்ஷயரோக ரசாயன சிகிச்சை மையம் அந்த நம்பிக்கையைப் பரீட்சித்துப் பார்த்தது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாரார் சானடோரியத்தில். மறு சாரார் நெருக்கமான, வறுமை மிகுந்த தங்கள் வீடுகளிலேயே. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளியாயிற்று: வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள், குடும்பத்தாருக்கும் அதனால் தொற்று அதிகப்படவில்லை. உலகம் முழுவதும் க்ஷயரோக வைத்தியம் அந்த நாள் முதல் மாறியது. சாட்சிகள் ஆயிரம் சொன்னாலும், ஒழுங்காகச் செய்த ஒரு பரீட்சைக்கு ஈடாகாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

புண்ணை ஆற்றும் மருந்துகளில் இப்படிப்பட்ட பரீட்சைக்கு இன்னும் ஒரு காரணமும் உண்டு. புண் ஆறவேண்டுமானால் உயிரணுக்கள் பெருகவேண்டும். புது ரத்தக் குழாய்கள் கிளைக்கவேண்டும். புற்றுக்கட்டி வளர்வதற்கும் தேவையானவை இவையே. பி.பி.ஸி.-157 புற்று நோயை உண்டாக்குகிறது என்று நாம் சொல்லவில்லை. அப்படி யாரும் நிறுவவில்லை. உண்டாக்காது என்றும் யாரும் நிறுவவில்லை என்பதே விஷயம். நீரிழிவுக்காரரின் கால்புண்ணுக்காக பெக்காப்ளெர்மின் என்ற களிம்பை அமெரிக்க சர்க்கார் 1997-ல் அநுமதித்தது. அதை மிகுதியாக உபயோகித்தவர்களிடம் புற்றுநோய் மரணம் அதிகமோ என்ற ஐயம் எழுந்ததும், 2008-ல் களிம்பின்மேல் கடுமையான எச்சரிக்கை அச்சிட உத்தரவிட்டார்கள். மேலும் ஆராய்ந்தபின் 2018-ல் அதை நீக்கினார்கள். ஒரு மருந்தை இருபது வருஷம் கண்காணித்து, சந்தேகம் வந்தபோது எச்சரித்து, தெளிந்தபோது விலக்குவதற்கு ஆட்கள் இருந்தார்கள். 'ஆராய்ச்சிக்கு மட்டும்' குப்பியைக் கண்காணிக்கிறவர் யார்?

விளையாட்டு வீரர்களுக்கு இதில் வேறோர் இழப்பும் உண்டு. ஆஸ்திரேலியாவில் எஸ்ஸெண்டன் என்னும் பிரபல கால்பந்துச் சங்கத்தில் 2012-ம் வருஷப் பந்தயக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சங்கமே வரிசையாக ஊசி போட்டது. அவற்றில் தைமோஸின் பீட்டா-4 என்னும் பெப்டைடும் இருந்தது என்று சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2016 ஜனவரியில் தீர்ப்பளித்து, 34 ஆட்டக்காரர்களுக்கு இரண்டு வருஷத் தடை விதித்தது. டி.பி.-500 அந்தத் தைமோஸினின் உறவுக்காரன். தடைப்பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. பி.பி.ஸி.-157 2022-ல் பட்டியலில் சேர்ந்தது. 'எனக்குத் தெரியாது, சொன்னதைப் போட்டுக்கொண்டேன்' என்பது அந்த மன்றத்தில் செல்லவில்லை. படப்பைப் பக்கத்துக் கபடி ஆட்டக்காரர் மாகாண அணிக்குப் போகும் நாளில் அவருக்கும் இதே சட்டந்தான்.

மூன்றாவது கேள்வி: விபரீதம் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?

1937-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி, ஸல்பா மருந்தைக் குழந்தைகள் குடிப்பதற்குத் தித்திப்பாகச் செய்ய எண்ணி, டை எதிலீன் கிளைகால் என்ற திரவத்தில் கரைத்து விற்றது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். விற்குமுன் மருந்தைச் சோதிக்கவேண்டும் என்று அன்று சட்டமில்லை. 'எலிக்ஸிர்' என்று பெயரிட்டால் அதில் சாராயம் இருக்கவேண்டும், இல்லையே என்ற பெயர்ப் பிழைக்காகத்தான் அந்தக் கம்பெனிமீது வழக்குத் தொடர முடிந்தது. மறுவருஷமே அந்நாட்டில் புதுச் சட்டம் வந்தது. நம் நாட்டில் போலி மருந்துகளை விசாரிக்கக் கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் 1930-ல் கமிட்டி அமைந்தது. 1931-ல் அறிக்கை வந்தது. 1940-ல்தான் மருந்துச் சட்டம் பிறந்தது. நோயைக் கண்டறியவோ, தீர்க்கவோ, தடுக்கவோ உத்தேசிக்கப்பட்ட பொருளெல்லாம் மருந்து என்று அது கூறுகிறது. 'உத்தேசம்' என்ற சொல்லை நேயர்கள் கவனிக்கவேண்டும். சீட்டில் என்ன எழுதினாலும், தசைநாண் ஆறும் என்று சொல்லி மனிதருக்கு விற்றால் அது மருந்தே. புதிய மருந்தை மனிதரிடம் பரீட்சிப்பதற்கும் விற்பதற்கும் மத்திய சர்க்காரின் அநுமதி வேண்டும் என்பதை 2019-ம் வருஷத்துப் புதிய விதிகள் விரிவாகச் சொல்லுகின்றன. பி.பி.ஸி.-157-க்கு அந்த அநுமதி இல்லை. அமெரிக்காவிலும் 2023-ல் மருந்து நிர்வாகம், கலப்பில் அழுக்கு நேரலாம், உடம்பு எதிர்த்துப் படை திரட்டலாம் என்ற காரணங்களைக் காட்டி, மருந்துக் கடைகள் சொந்தமாகக் கலந்து கொடுப்பதற்கு அபாயமுள்ள பொருள்களின் வரிசையில் அதை வைத்தது.

'சட்டமும் அநுமதியும் இருந்து என்ன கண்டோம்?' என்று நேயர்களில் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. படப்பையிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் போனால் சுங்குவார்சத்திரம். அங்கே லைசென்ஸ் பெற்ற ஸ்ரீசன் மருந்துத் தொழிற்சாலையில் தயாரான 'கோல்ட்ரிப்' என்னும் இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள், 2025-ம் வருஷம் செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்தில் சிந்துவாரா ஜில்லாவில் இருபது பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டு மாண்டார்கள். மருந்தில் இருந்தது அதே டை எதிலீன் கிளைகால். நூற்றுக்கு 0.1 பங்குக்கு மேல் இருக்கக்கூடாத இடத்தில் 48.6 பங்கு! எண்பத்தெட்டு வருஷத்துக்குமுன் அமெரிக்கா அழுத அதே அழுகையை நம் தாய்மார் அழுதார்கள். மூலப்பொருளை வாங்கியபோது செய்திருக்கவேண்டிய ஒரு சோதனை அத்தனை உயிரையும் காத்திருக்கும். தொழிற்சாலையைக் காலாகாலத்தில் போய்ப் பார்க்கத் தவறியதற்காக மருந்து ஆய்வாளர்கள் இருவர் வேலையிலிருந்து தற்காலிகமாக விலக்கப்பட்டார்கள். சட்டம் புத்தகத்தில் இருந்தது; சாலையில் இறங்கி நடக்கவில்லை. சர்க்கார் இதற்குச் சமாதானம் சொல்லித் தீராது.

ஆயினும் அதே சம்பவத்தின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். அந்தப் புட்டியின்மேல் கம்பெனியின் பெயரும் ஊரும் இருந்தன. தயாரிப்பு வரிசை எண் இருந்தது. மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்த இரண்டு நாளுக்குள் தமிழ்நாட்டு அதிகாரிகள் அந்த வாசலில் போய் நின்று, அதே வரிசை எண்ணுள்ள மருந்தை எடுத்துச் சோதித்து, விஷத்தைக் கண்டு, விற்பனையை நிறுத்தினார்கள். அக்டோபர் 13-ந் தேதி லைசென்ஸ் ரத்தாயிற்று. காலம் கடந்ததுதான், ஆனாலும் அடுத்த குழந்தையின் வாய்க்குப் போகவிருந்த கரண்டி தடுக்கப்பட்டது. வரிசை எண் இல்லாத, ஊர் இல்லாத, செய்தவர் பெயர் இல்லாத குப்பியில் இது நடந்திருந்தால் எந்த வாசலில் போய் நிற்பது? 'மனிதர் உபயோகத்துக்கு அன்று' என்ற சீட்டின் உண்மைப் பொருள் இதுதான். அது வாங்குகிறவரை எச்சரிக்க எழுதியதன்று. விற்பவர் தப்பிக்க எழுதியது. லைசென்ஸ் பெற்ற மருந்திலேயே விஷம் நுழைந்தது என்பது, லைசென்ஸ் இல்லாத குப்பியை நம்புவதற்குக் காரணம் ஆகாது. ஆய்வாளர்களை இன்னும் அதிகம் நியமிக்கவும், சோதனைச் சாலைகளைப் பெருக்கவும், தவறியவரைத் தண்டிக்கவும்தான் அது காரணம்.

செய்யத்தக்கது

இந்தப் பெப்டைடுகள் ஒருநாள் நல்ல மருந்துகளாகவே நிரூபிக்கப்படலாம். அப்படியானால் மிகவும் சந்தோஷப்படுவோம். நீரிழிவு மிகுந்த நம் நாட்டில் ஆறாத கால்புண்ணால் காலையே இழப்பவர்கள் அநேகர். புண்ணை விரைவில் ஆற்றும் மருந்து கிடைத்தால் அதற்குக் கோயில் கட்டலாம். ஆனால் நிரூபிக்கவேண்டியவர் யார்? பழைய, எளிதில் செய்யக்கூடிய பொருளில் தனி உரிமை பெற்று லாபம் அடைவது கடினம். ஆகவே பெரிய கம்பெனிகள் பரீட்சைக்குப் பணம் போட முன்வருவதில்லை. சில்லறை வியாபாரிகளுக்கோ பரீட்சையே தேவையில்லை. இத்தகைய இடத்தில்தான் தேசத்தின் பொது ஸ்தாபனங்கள் முன்வரவேண்டும். அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், தோல் பதனிடும் தொழிலுக்காக 1948-ல் பிறந்தது; கொலாஜனைக் கொண்டு புண்களைப் போர்த்தும் மென்தாள் செய்யும் ஆராய்ச்சியில் அது பல வருஷம் உழைத்திருக்கிறது. சேத்துப்பட்டு மையத்தின் அநுபவமும் நம்மிடம் இருக்கிறது. எலியில் கண்டதை மனிதரிடம் ஒழுங்காகப் பரீட்சிக்க நம்மவருக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. முறையான பரீட்சையில் சேருபவருக்கு மருந்து இலவசம். நெறிக்குழு மேற்பார்வை உண்டு. பரீட்சையால் தீங்கு நேர்ந்தால் வைத்தியமும் நஷ்ட ஈடும் கொடுக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. தபாலில் வந்த குப்பியால் தன்னைத்தானே பரீட்சித்துக்கொள்ளும் இளைஞருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை; அவர் அடையும் குணமோ கேடோ ஒரு நோட்டுப் புத்தகத்திலும் ஏறாது. எலிக்குக்கூட ஆராய்ச்சிசாலையில் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு.

இல்லத்தாருக்கு நாம் சொல்லக்கூடியவை சில. தோளோ முழங்காலோ அடிபட்டு வலி நீடித்தால், முடநீக்கியல் வைத்தியரிடம் காட்டி, இயன்முறைப் பயிற்சியை அலுப்பில்லாமல் செய்யச் சொல்லுங்கள். தசைநாண் கோளாறுகளுக்குப் படிப்படியாகப் பாரம் ஏற்றும் பயிற்சி பலன் தருகிறது என்று மனிதரிடமே செய்த பரீட்சைகள் காட்டியிருக்கின்றன. நீரிழிவுக்காரரின் காலில் சிறு புண் கண்டாலும் ஒரு நாள் கூடத் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். யாராவது ஊசி மருந்தைச் சிபாரிசு செய்தால், செய்தவர் பெயர், லைசென்ஸ் எண், வரிசை எண், காலாவதித் தேதி நான்கும் குப்பிமேல் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அது வீட்டுக்குள் வரவேண்டாம். ஏற்கெனவே போட்டுக்கொண்டவர் இருந்தால் திட்டாதீர்கள். திட்டினால் மறைப்பார், மறைத்தால் வைத்தியர் கண்டுபிடிக்க முடியாது. காய்ச்சலோ, தடிப்போ, மூச்சுத் திணறலோ கண்டால் குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்த மருந்தால் தீங்கு நேர்ந்தாலும் 1800-180-3024 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் சர்க்காரின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு யாரும் தெரிவிக்கலாம். ஒருவர் தெரிவிப்பது இன்னொருவரைக் காக்கும்.

மருந்து என்பது வெறும் பொருளன்று; பொருளும், அதைப் பரீட்சித்த உழைப்பும், அதற்குப் பொறுப்பேற்ற கையொப்பமும் சேர்ந்ததே மருந்து. பின்னிரண்டும் இல்லாமல் முன்னதை மட்டும் குப்பியில் அடைத்துத் தந்தால், அதை வாங்காமலிருக்க நமக்குப் பூரண உரிமை உண்டு. பின்னிரண்டையும் தரும்படி நம் சர்க்காரையும் விஞ்ஞானிகளையும் வற்புறுத்தவும் நமக்கு உரிமை உண்டு. அந்த இரண்டாவது உரிமையை நாம் உபயோகித்தால்தான், பொறுத்திருக்க முடியாத அந்தத் தொழிலாளிக்கு உண்மையான உதவி செய்தவர்கள் ஆவோம்.